மின் ஊர்தியில் மறையும் சக்தி

தில்லியில் வாழும் நம்மவர்க்குப் பாட்டரி ரிக்ஷா புதிய பொருளன்று. மெட்ரோ நிலையத்தினின்று வீட்டுக்கு அதிலேயே வருகிறோம். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஓட்டுநர் நீங்கலாக நால்வர் ஏறலாம். அறுவர் ஏறுவதையும் நாம் கண்டதுண்டு. மாலைக்குள் பாட்டரி ஓய்ந்துவிட்டால் ஓட்டுநரின் அன்றைய வருவாயும் அத்துடன் நின்றுவிடுகிறது. ஏற்றிய சக்தி முழுதும் சக்கரத்தைச் சேராமல் எங்கே போகிறது? மோட்டாரின் பங்கை மட்டும் இங்கே ஆராய்வோம்.

கணக்குக் கோப்புகளில் 'லாஸ்' என்று வந்தால் 'நட்டம்' என மொழிபெயர்த்துப் பழகியவர்கள் நாம். பொறியியலில் அச்சொல் பொருந்தாது. சக்தி அழிவதில்லை, வெப்பமாக மாறி நமக்கு உதவாமற் போகிறது, அவ்வளவே. எனவே 'இழப்பு' என்றே வழங்குவோம்.

முதலாவது, செப்புச் சுருளில் நேரும் இழப்பு. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூல் என்ற அறிஞர் 1841இல் வெளியிட்ட விதி. மோட்டாரின் முறுக்குவிசை பெரும்பாலும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆதலால் பாரம் ஏற ஏற இவ்விழப்பு மிக விரைவாக வளரும். சுருள் சூடேறினால் அதன் மின்தடையும் கூடும்: 50 டிகிரி உயர்ந்தால் சுமார் 20 சதவீதம்.

இரண்டாவது, இரும்பில் நேர்வது. காந்தப்புலம் திசை மாறுந்தோறும் இரும்பு சிறிது சக்தியை விழுங்கும். ஸ்டைன்மெட்ஸ் என்பார் 1892இல் இதற்கொரு சூத்திரம் வகுத்தார். இரும்பினுள் சுழல் மின்னோட்டங்களும் எழும். அவற்றை அடக்கவே இரும்பை மெல்லிய தகடுகளாக அடுக்குகின்றனர். இவ்விழப்பு வேகத்தோடு வளர்வது. பேரிங் உராய்வும் காற்றின் தடையும் எஞ்சியவை.

இனி ஒரு சிறு கணக்கு. எண்கள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை. மோட்டார் 1000 வாட் தரும்போது செப்பில் 100, இரும்பிலும் உராய்விலும் 100 வாட் இழப்பு என்போம். 1200 செலுத்தி 1000 பெறுகிறோம். பயனுறு திறன் 83 சதவீதம். அதே வேகத்தில் பாரம் பாதியானால் செப்பிழப்பு 25 ஆகும். 625க்கு 500, அதாவது 80 சதவீதம். பாரம் இரட்டித்தாலோ செப்பிழப்பு 400. 2500க்கு 2000, மீண்டும் 80. ஒரே வேகத்தில் இருவகை இழப்புகளும் சமமாகும் இடமே சிகரம்.

இவ்வாறு ஒவ்வொரு வேகத்திற்கும் ஒவ்வொரு விசைக்கும் கணக்கிட்டு, மலையின் உயரக்கோடுகளைப் போல் பொறியாளர் வரைபடம் அமைப்பர். விளம்பரத்தில் அச்சாகும் எண் பெரும்பாலும் அதன் உச்சி மட்டுமே. ஊர்தி அங்கேயே நிற்பதில்லை அல்லவா? ஆகவே ஒரு பயணத்தை நொடிநொடியாகப் பிரித்து, ஒவ்வொரு நொடியும் வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து இழப்பைக் கூட்டுவர்.

நமது ரிக்ஷா எங்கே விழுகிறது? நெரிசலில், மேம்பாலச் சரிவில், மிகுபாரத்தோடு, முன் சொன்ன வேகத்தில் பத்தில் ஒரு பங்காக ஊர்கிறது. முறுக்குவிசை இரட்டிப்பு, வெளிவருவது 200 வாட். இரும்பிழப்பு சொற்பமாயிற்று; ஆயினும் செப்பிழப்பு அதே 400. பாட்டரி மூன்று பங்கு தர, சக்கரத்திற்குச் சேர்வது ஒரு பங்கே. எஞ்சிய இரு பங்கும் மோட்டாரைச் சுடுகின்றன.