அமைதியான ஊரில் வாழ்க்கை 'போர்' அடிக்குமா?



பெண்ணுக்கு வெளிநாட்டு வரன் வந்தால், மாப்பிள்ளை சிட்னி, மெல்போர்ன், சிங்கப்பூர் என்று சொன்னதும் நம் அம்மாக்களின் முகம் மலர்ந்துவிடும். "பெர்த்தில் இருக்கார்" என்று சொல்லிப் பாருங்கள். "பெர்த்தா? அது ஆஸ்திரேலியாவுல ஏதோ ஒரு மூலையாமே! பொழுது சாய்ஞ்சா ரோட்டுல ஈ, காக்கா இருக்காதாம். பொண்ணு அங்கே போய் என்ன பண்ணுவா? போரடிச்சுப் போயிடுமே!" என்று இழுப்பார்கள்.

என் சித்தி மகளுக்கு வந்திருக்கும் வரன் விஷயத்தில், இப்போது எங்கள் வீட்டிலேயே இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தி மட்டுமில்லை, வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாமே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் திருச்சிப் பெண். கல்யாணமாகி பெர்த் வந்து பதினைந்து வருஷமாகிறது. வேலைக்குப் போகாத இல்லத்தரசி. ஓர் ஊர் போரடிக்குமா, அடிக்காதா என்று சொல்ல, நாள் முழுக்க அந்த ஊரிலேயே கிடக்கிற எங்களை விடத் தகுதியானவர்கள் யார், சொல்லுங்கள்!

மூலைதான்... ஆனால் குக்கிராமம் இல்லை!

மூலை என்பது உண்மைதான். பெர்த்துக்கு அடுத்த பெரிய நகரம் அடிலெய்டு. வான்வழியிலேயே சுமார் 2,100 கி.மீ. கிட்டத்தட்ட நம் கன்னியாகுமரிக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நடுவில் மதுரை, ஹைதராபாத், நாக்பூர் மாதிரி ஒரு பெரிய ஊரும் கிடையாது. வறண்ட நிலமும் புதர்க்காடும்தான். சிட்னியிலிருந்து வரும் 'இந்தியன் பசிபிக்' ரயில் 4,352 கி.மீ. ஓடி, மூன்று ராத்திரி கழித்துத்தான் இங்கே வந்து சேரும். வழியில் நல்லார்பார் சமவெளியில் 478 கி.மீ. தூரத்துக்குத் தண்டவாளம் ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகக் கிடக்கிறது! எங்களுக்கு சிட்னியை விட இந்தோனேசியாவின் ஜகார்த்தாதான் பக்கம்.

ஆனால் இது குக்கிராமம் இல்லை. இருபது லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் இருக்கும் நகரம். கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக 100 கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கிறது. எல்லாம் தனி வீடுகள், தோட்டங்கள். அதனால்தான் தெருவில் ஆள் நடமாட்டம் தெரிவதில்லை. ஜனம் இல்லாமல் இல்லை, பரந்து கிடக்கிறது.

இந்த ஊருக்கு 'ஒளி நகரம்' என்று ஒரு பெயர் உண்டு. 1962 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தபோது, பெர்த் மக்கள் ராத்திரி தூங்கப் போகாமல் வீட்டு விளக்கு, கடை விளக்கு எல்லாவற்றையும் எரியவிட்டார்களாம். சுற்றிலும் இருட்டாக இருந்ததால், அந்த வெளிச்சம் அவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. மேலேயிருந்தே நன்றி சொன்னார். 1998-ல், 77 வயதில் அவர் மறுபடியும் விண்வெளிக்குப் போனபோதும் இந்த ஊர்க்காரர்கள் மறக்காமல் விளக்கேற்றினார்கள். கூட்டத்துக்கு நடுவே இருந்திருந்தால் அந்த விளக்கு யார் கண்ணில் பட்டிருக்கும்? தனியாக இருப்பதிலும் ஒரு பெருமை உண்டு போலிருக்கிறது!

சாயங்காலம் ஆனால்...

அமைதி என்றால் எப்படிப்பட்ட அமைதி? நான் வந்த புதிதில் பெரும்பாலான புறநகர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகளே திறக்க மாட்டார்கள். 2012 ஆகஸ்டில்தான் அதற்கு வழி பிறந்தது. இன்றைக்கும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து புடவை பார்க்கலாம் என்று கனவுகூடக் காண முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவை ஆங்கிலத்தில் சுருக்கி 'டபிள்யூ.ஏ.' என்பார்கள். அதை 'வெயிட் அ வைல்', அதாவது 'கொஞ்சம் பொறு' என்று இங்குள்ளவர்களே கிண்டல் செய்வதுண்டு.

ஊரின் குணத்துக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் வழக்கம் சிட்னி, மெல்போர்னில் உண்டு. இங்கேயும் கொண்டுவரலாமா என்று 1975, 1984, 1992, 2009 என நான்கு முறை மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். நான்கு முறையும் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்! இதில் நமக்கு ஒரு லாபம். வருஷம் பூராவும் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால், அவ்வளவுதான். இங்கே ராத்திரி எட்டரை என்றால் திருச்சியில் சாயங்காலம் ஆறு. சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு அம்மாவுக்கு போன் செய்தால், அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் அம்மாவிடம் பேச அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள்!

பொழுது எப்படிப் போகிறது?

காசு செலவில்லாமல் பொழுது போகிற ஊர் இது. நகரத்தின் நடுவிலேயே 'கிங்ஸ் பார்க்' என்று 400 ஹெக்டேர் பூங்கா, அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர்! அதில் பெரும்பகுதி இயற்கையான காடாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் வாக்கில் போனால் காட்டுப்பூக்கள் பூத்துக் குலுங்கும். கீழே ஸ்வான் நதி. அதில் கறுப்பு அன்னங்கள்! நாம் அன்னம் என்றாலே வெள்ளை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆற்றங்கரை, கடற்கரைப் பூங்காக்கள் பலவற்றில் மின்சார அடுப்பு வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் சுடும், காசு கிடையாது. வெள்ளைக்காரர்கள் இறைச்சி சுடுவார்கள். நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்தால் அடுப்பின் மேல் அலுமினியத் தாளை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன கல்லை வைத்துத் தோசையே வார்த்துவிடுவோம். கொளுத்தும் கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து குளுகுளுவென்று ஒரு காற்று வரும். அதற்கு 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்றே பெயர். அந்த டாக்டர் வராத நாளில் நாற்பது டிகிரி வெயிலில் எல்லோரும் நோயாளிகள்தான்!

நூலகத்தில் உறுப்பினராகக் காசு வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லித் தருகிறார்கள். எனக்கு முதல் சிநேகிதி கிடைத்ததே அங்கேதான். தெற்கே மாண்டோகலப் என்ற இடத்தில் பாலமுருகன் கோவில் இருக்கிறது. சனி, ஞாயிறில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. கருவேப்பிலைக் கொத்தைக் கூட்டாளிகளுக்குள் பங்கு போட்டுக்கொள்வதற்கென்றே நாலு வீடு போய் வருகிறோம். பிறகென்ன?

அமைதி வேறு... தனிமை வேறு!

இவ்வளவும் சொன்னதால், "அப்படின்னா கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் கொடுத்துடலாம்" என்று சித்தி முடிவு செய்துவிடக் கூடாது. நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

இந்த மாநிலத்தின் பெரிய வருமானம் இரும்புத் தாது. சுரங்கங்கள் இருப்பதோ ஆயிரம் கி.மீ.க்கு மேல் வடக்கே, பில்பாரா பகுதியில். அங்கே வேலை பார்க்கிற பலர் குடும்பத்தை பெர்த்தில் வைத்துவிட்டு விமானத்தில் போய் வருகிறார்கள். சிலருக்கு இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. சிலருக்கு எட்டு நாள் வேலை, ஆறு நாள் வீடு. "மாப்பிள்ளை மைனிங் என்ஜினீயர், கை நிறைய சம்பளம்" என்று சொல்வார்கள். இரண்டு வாரம் வீட்டில் இருக்க மாட்டார் என்பதை யாராவது சொல்கிறார்களா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித்தான் வந்து மாட்டிக்கொண்டாள். எம்.எஸ்சி. படித்தவள். நகரத்தின் விளிம்பில் புதிதாகக் கட்டிய வீடு. பஸ் மணிக்கு ஒன்று. கார் இருந்தது, ஓட்டத் தெரியாது. கணவர் போய்விட்டால் அரிசி தீர்ந்தால்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும். "அக்கா, இன்னைக்கு மூணாவது நாள், நான் வாயைத் திறந்து யார்கிட்டயும் பேசலை" என்று ஒருநாள் போனில் அழுதாள். அவளுக்கு இந்த ஊர் சிறைச்சாலைதான்.

அடுத்த வருஷம் அவள் லைசென்ஸ் வாங்கினாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யப் படித்தாள். இப்போது நான் போன் செய்தால், "அக்கா, ஞாயித்துக்கிழமை பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள்! ஊர் மாறவில்லை. கடை நேரம் மாறவில்லை. அவள் கையில் சாவி வந்தது, அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். சென்னையில் நாலு பக்கமும் ஹாரன் சத்தம் கேட்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில், யாரிடமும் பேச்சில்லாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இல்லையா? போரடிப்பது ஊரின் சத்தத்தையோ அமைதியையோ பொறுத்தது இல்லை. நினைத்த நேரத்தில் வாசற்படி தாண்ட முடிகிறதா, போனால் "வா" என்று சொல்ல ஒரு வீடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தூரத்துக்கு ஒரு விலை

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை, கொரோனா காலத்தில், இந்த மாநிலம் தன் எல்லையைப் பெரும்பாலும் இழுத்துச் சாத்தியே வைத்திருந்தது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இங்கே பிள்ளைகள் பெரும்பாலான நாட்கள் பள்ளிக்கூடம் போனார்கள். மூலையில் இருப்பதன் அருமை அப்போது புரிந்தது. அந்த மூலையின் வேதனையும் அப்போதுதான் புரிந்தது. 2021-ல் என் அப்பா தவறிப் போனார். போனால் எப்போது திரும்ப முடியும் என்றே தெரியாத நேரம். கையில் சின்னக் குழந்தை. அப்பா முகத்தைச் செல்போனில்தான் கடைசியாகப் பார்த்தேன். எத்தனை பூங்கா இருந்தாலும், எத்தனை அன்னம் நீந்தினாலும் அதற்கு ஈடில்லை. வெளிநாடு என்றாலே இந்த விலை உண்டு. தூரமான ஊர் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. தெரிந்தே அனுப்புங்கள், தெரிந்தே வரட்டும்.

அம்மாக்கள் கேட்க வேண்டியது

"அங்கே சினிமா தியேட்டர் இருக்கா, சரவணா ஸ்டோர்ஸ் இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளை வீட்டாரிடம் இதையெல்லாம் கேளுங்கள்.

வீடு ரயில் நிலையத்துக்கோ பஸ் வசதிக்கோ பக்கத்தில் இருக்கிறதா? மாப்பிள்ளை தினமும் வீட்டுக்கு வருகிற வேலையா, விமானத்தில் போய்த் தங்குகிற வேலையா? பெண் பெயரில் பேங்க் கணக்கு உண்டா? அவள் விசாவில் படிக்கவும் வேலை செய்யவும் அனுமதி உண்டா? ஊருக்கு வந்து போக வருஷத்துக்கு ஒரு டிக்கெட் காசை எடுத்து வைப்பாரா?

பெண்ணிடமும் இரண்டு காரியம் சொல்லுங்கள். கல்யாணப் புடவை எடுக்கும் முன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். இங்கேயும் நம் ஊர் மாதிரி சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் பழக்கம் வீணாகாது. ஆனால் இங்கேயே குடியிருப்பவர்கள் இந்திய லைசென்ஸை வைத்தே காலம் தள்ள முடியாது. எழுத்துத் தேர்வும் எழுதி, ஓட்டியும் காட்டி, இந்த ஊர் லைசென்ஸ் வாங்க வேண்டும். அடுத்து, படித்த சான்றிதழ்களை பரணில் போடாமல் பெட்டியில் எடுத்து வரட்டும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால், குறிப்பிட்ட விசாவில் வருகிறவர்களுக்கு அரசாங்கமே இலவச வகுப்பு நடத்துகிறது.

இதற்கெல்லாம் பிள்ளை வீட்டார் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், சித்தி... தைரியமாகப் பெண்ணை அனுப்புங்கள். நான் இங்கே இருக்கிறேன், கருவேப்பிலையில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. "அவளுக்கு எதுக்கு லைசென்ஸு, அதான் பையன் கூட்டிட்டுப் போவானே" என்று பதில் வந்தால், மாப்பிள்ளை நியூயார்க்கிலேயே இருந்தாலும் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா.