நெல்லும் சோறும்: இருட்டறையை ஒளிப்படம் எடுக்கும் கலை

களியக்காவிளையைத் தாண்டித் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போனால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் வரிசையாக வரும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அந்த எல்லைக்கு வடபுறம் பாறசாலைக்குப் பக்கத்தில் என் அம்மையின் பிறந்த வீடு இருந்தது. இக்கட்டுரை அந்த வீட்டைப் பற்றியதல்ல. ஓர் ஒளிப்பட நுட்பத்தைப் பற்றியது. ஆனால் அந்த வீடு இல்லாமல் இந்த நுட்பம் எனக்குப் புரிந்திருக்காது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாழ்ந்த கூரை, சிறிய ஜன்னல், மரப்பலகை வைத்த நிரை, நெல் போட்டு வைக்கும் அறப்புரை. உள்ளே கும்மிருட்டு. வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒன்றோ இரண்டோ கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். முற்றத்து வெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்தால் ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியாது. "கண்ணு கட்டும், கொஞ்சம் நிண்ணு வா" என்பார்கள் பெரியவர்கள். பின்னர் மெல்ல மெல்லப் பானையும் பெட்டியும் உத்தரமும் தெரியத் தொடங்கும். கண் தன்னை மாற்றிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரே ஒரு கணத்தில், ஒரே ஒரு அளவில் ஒளியைப் பிடித்துவிட்டு மூடிக்கொள்ளும். அதனால்தான் கண்ணாடி ஓட்டுக்கு அளவு வைத்தால் அறை கரியாகிறது. அறைக்கு அளவு வைத்தால் ஓடு வெள்ளைத் திட்டாகிறது.

ஒரு காட்சியின் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள விகிதத்தை ஒளிவீச்சு என்று வைத்துக்கொள்வோம். ஒளிப்படக்காரர்கள் இதை 'ஸ்டாப்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. 10 ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. 14 ஸ்டாப் என்றால் 16,384 மடங்கு. நண்பகல் வெயிலில் ஒளிரும் கண்ணாடி ஓட்டையும் அறப்புரை மூலையையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தால் 14 ஸ்டாப்பைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். காகிதத்தில் அச்சடிக்கும் படமோ ஏறத்தாழ 6, 7 ஸ்டாப்புக்கு மேல் காட்டாது. பெரிய குளத்தைச் சின்னக் குடத்துக்குள் அடக்குவதுபோல! இந்தச் சிக்கலுக்கு விடைதான் எச்.டி.ஆர். எனப்படும் மிகு ஒளிவீச்சு ஒளிப்படம்.

இது கணினி கொண்டுவந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லு கிரே 1850-களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். எண்ணிமக் காலத்தில், 1995-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்டீவ் மேன், ரோசலிண்ட் பிகார்டு இருவரும் பல அளவுகளில் எடுத்த படங்களைக் கணக்கிட்டு இணைக்கும் வழியை எழுதினார்கள். 1997-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பால் டெபெவெக்கும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த நம் நாட்டவரான ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இத்துறையைப் பலரிடமும் கொண்டுசேர்த்தது.

இனி 'ரா' கோப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். என் மருமகனுக்கு நான் சொல்லும் உவமை இது: ரா கோப்பு நெல், ஜேபெக் சோறு. சோறு உடனே சாப்பிடலாம். ஆனால் சோற்றிலிருந்து அவல் இடிக்க முடியுமா? நெல் கையில் இருந்தால் புழுக்கலாம், பச்சரிசியாக்கலாம், அவல் இடிக்கலாம், விதைக்கவும் செய்யலாம். கேமராவின் உணரியில் விழுந்த ஒளியின் அளவை அப்படியே எண்ணாக எழுதி வைப்பது ரா. அதை நிறம் திருத்தி, மாறுபாடு கூட்டி, கூர்மையாக்கி, மிச்சத்தைத் தூக்கியெறிந்துவிட்டுத் தருவது ஜேபெக். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 12 பிட் ராவில் 4,096 படிகள். 14 பிட் ராவில் 16,384.

ராவின் இன்னொரு குணம் இதைவிட முக்கியம். அதிலுள்ள எண்கள் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒளி இருமடங்கானால் எண்ணும் இருமடங்காகும். கேட்க நல்லதாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதில் ஒரு வினை உண்டு. 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192 படிகள், மிக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096. அதற்கடுத்து 2,048. இப்படியே இறங்கினால் பத்தாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுவது 16 படிகள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் கதிதான் இருட்டுக்கு! போதாததற்கு உணரியின் மின்னணு இரைச்சலும் அந்த இருட்டில்தான் மொய்க்கும். ஒரே ஒரு ரா கோப்பை எடுத்து இருட்டை ஏற்றிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான்.

சிலர் ஒரே ராவிலிருந்து வெளிச்சம் கூட்டி ஒரு படம், குறைத்து ஒரு படம் என்று மூன்று ஜேபெக் செய்து, அவற்றை இணைத்து எச்.டி.ஆர். என்கிறார்கள். அதில் புதிய தகவல் எதுவும் இல்லை. ஒரு படி நெல்லை மூன்று பாத்திரத்தில் மாற்றி மாற்றிக் கொட்டினாலும் அது ஒரு படிதான். உண்மையில் ஒளிவீச்சு கூட வேண்டுமானால் காட்சியைப் பலமுறை, வெவ்வேறு நேர அளவில் எடுத்தாக வேண்டும்.

2009-இல் நான் ஊருக்குப் போனபோது அந்த வீட்டைப் பிரித்துப் புது வீடு கட்டத் தீர்மானமாகியிருந்தது. முக்காலியை அறப்புரை வாசலுக்கு நேரே வைத்தேன். ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, குவியம் கையால் வைத்தது. இவை மூன்றையும் தொடவே கூடாது. துளையை மாற்றினால் படத்தின் ஆழம் மாறிவிடும். பின்னர் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. மாற்ற வேண்டியது நேரத்தை மட்டும். 1/250, 1/60, 1/15, 1/4, 1 வினாடி என்று இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள். முதல் படத்தில் கண்ணாடி ஓட்டின் விவரம் கெடாமல் இருக்க வேண்டும். கடைசிப் படத்தில் மூலை இருட்டு தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டு முனையும் பிடிபட்டால் போதும். விரலால் அழுத்தினால் கேமரா ஆடும் என்பதால் பத்து வினாடி டைமர் வைத்தேன். காற்றில் ஆடிய தூக்குவிளக்கைக் கழற்றிவைத்தேன். ஆடுகிற பொருள் ஒவ்வொரு படத்திலும் ஓரிடத்தில் இருந்து, இணைக்கும்போது ஆவிபோலத் தெரியும்.

இந்த ஐந்தையும் எப்படி இணைக்கிறார்கள்? கணக்கு எளிது. அறப்புரை உத்தரத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். கருப்பு மட்டத்தைக் கழித்தபின் முதல் படத்தில் அதன் எண் 40 என்றால், அடுத்தவற்றில் 160, 640, 2,560, 10,240 என்று வரும். ஒவ்வொன்றையும் அதன் நேரத்தால் வகுத்தால் ஐந்தும் ஒரே ஒளியளவைத்தான் சொல்லும். ஆனால் ஐந்துக்கும் ஒரே நம்பகம் இல்லை. மின்னணு இரைச்சல் 4 என்று வைத்தால், 40-இல் அது பத்தில் ஒரு பங்கு. 10,240-இல் இருக்குமிடமே தெரியாது. எனவே இருட்டுப் புள்ளிக்கு நீண்ட நேரப் படத்தையும், கண்ணாடி ஓட்டுக்குக் குறுகிய நேரப் படத்தையும் மென்பொருள் நம்புகிறது. வெளுத்துப்போன எண்ணை ஒதுக்கிவிடுகிறது. டெபெவெக்கும் மாலிக்கும் சாதாரணப் படங்களை வைத்துச் செய்ததால் கேமராவின் வளைகோட்டை முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரா நேர்விகிதம் என்பதால் நமக்கு அந்த வேலை மிச்சம்.

இப்படிக் கிடைக்கும் இணைப்புக் கோப்பை எந்தத் தாளிலும் அப்படியே காட்ட முடியாது. அதைக் காட்டக்கூடிய அளவுக்குச் சுருக்குவது இரண்டாம் கட்டம். இதற்குத் தொனி இறக்கம் என்று பெயர் வைக்கலாம். இதில் இரண்டு வழி. படம் முழுவதற்கும் ஒரே விதி வைப்பது ஒன்று. ஒவ்வொரு இடத்துக்கும் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தனி விதி வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழி விவரங்களைத் தூக்கிக் காட்டும். அளவு மீறினாலோ வெளிச்ச விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் வரும், மரமெல்லாம் சுருக்கம் விழும், மேகம் புகைக்கரி ஆகும். 2000-களில் எச்.டி.ஆர். என்றாலே கலர் மிட்டாய் என்று பெயர் கெட்டதற்கு இதுதான் காரணம்.

நானும் அந்தத் தப்பைத்தான் செய்தேன். 2009-இல் ஐந்து ராவையும் அவசரமாக ஜேபெக் ஆக்கி, இணைத்து, விவரம் கூட்டும் அளவுகோலைக் கடைசிவரை தள்ளினேன். கண்ணாடி ஓட்டுக்கு நேர்கீழே இருந்த உத்தரத்தில் செதுக்கிய எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ௲௱௬ ஆவணி. கொல்லம் ஆண்டு 1106, அதாவது 1930. எல்லாருக்கும் மகிழ்ச்சி, அம்மையைத் தவிர. "இல்ல மக்களே, வீட்டில குடியேறின பொறவாக்கும் பெரியம்மை பொறந்தா. பெரியம்மைக்க சாதகம் ஆயிரத்து நூத்தஞ்சு" என்றாள். "அம்மைக்கு வயசாச்சு, மறந்திருக்கும்" என்று சிரித்தோம். 2010-இல் வீட்டைப் பிரித்தார்கள். உத்தரம் மரவியாபாரியின் லாரியில் ஏறிப்போனது.

2023-இல் பழைய தட்டைத் தூசி தட்டியபோது அந்த ரா கோப்புகள் கிடைத்தன. நெல் கெடாமல் இருந்தது. இம்முறை ராவை நேரடியாக இணைத்தேன். தொனியை மிதமாக மட்டும் இறக்கினேன். கடைசி எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கைக் குறிக்கும் ௪ என்பது 'ச' போல இருக்கும். ஆறைக் குறிக்கும் ௬ என்பது 'சு' போல வாலோடு இருக்கும். அந்த வால் எழுத்தே அல்ல, மரத்தின் வெடிப்பு! எழுத்தைத் தாண்டி இரண்டு விரல் நீளத்துக்கு ஓடுகிறது. 2009-இல் நான் விவரத்தைக் கூட்டக் கூட்ட, மெல்லிய வெடிப்பு தடித்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஐயம் தீர, இணைக்காத தனி ராக்களில் 1/4 வினாடிப் படத்தையும் 1 வினாடிப் படத்தையும் தனித்தனியே பார்த்தேன். இரண்டிலும் அப்படித்தான். ௲௱௪ ஆவணி. கொல்லம் 1104, அதாவது 1928 ஆகஸ்டு-செப்டம்பர். பெரியம்மையின் சாதகத்துக்கு முந்தைய ஆண்டு.

அம்மைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அண்ணைக்கே சொன்னேனே, ஆரு கேட்டா?" என்றாள். கோபமில்லை, ஆனால் பதினான்கு ஆண்டு அதைச் சுமந்திருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. மலையாளப் பள்ளியில் படித்த என் மருமகன், "மாமா, நம்ம வீட்டில ஆரும் தமிழ் எழுதுவினுமா?" என்று முன்பு கேட்டதுண்டு. அவனுக்கும் அந்தப் படத்தை அனுப்பினேன். சிங்கம் என்று எழுதாமல் ஆவணி என்று எழுதியவர் அவனுடைய பாட்டாவின் அப்பன். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த அனுபவத்தில் நான் கற்ற விதிகள் மூன்று. ஒன்று, ராவை ஒருபோதும் அழிக்காதீர்கள். மென்பொருள் ஆண்டுக்காண்டு மேம்படுகிறது. இரண்டு, இணைத்த கோப்பைத் தொனி இறக்காமல் ஒரு நகல் தனியே வையுங்கள். மூன்று, இணைத்த படத்தில் மட்டும் தெரிந்து, எந்தத் தனி ராவிலும் தெரியாத எதையும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. எச்.டி.ஆர்.மெர்ஜ் என்ற இலவச மென்பொருள் ராக்களை இணைத்து ஒரே டி.என்.ஜி. கோப்பாகத் தரும். அதை ராதெரபி, டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள்களில் திறக்கலாம். விலைகொடுத்து வாங்குவோருக்கு லைட்ரூமில் 2015 முதல் இவ்வசதி உண்டு. கைப்பேசிகளும் பல படங்களை அடுக்கடுக்காக எடுத்து இணைத்துத்தான் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் நம் கைக்கு வருவது சோறுதான். ரா எடுக்கும் வசதி உங்கள் கைப்பேசியில் உண்டா என்று அமைப்புகளில் பாருங்கள்.

பழகிப் பார்க்க நல்ல இடம் நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவின் பொந்து மரம். பொந்தின் உள்ளிருட்டும் வெளியே பட்டப்பகலும் சேர்ந்தால் நம் பாடம் முழுவதும் அங்கே இருக்கிறது. கோயில்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் எடுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருமண மண்டபத்தையும் கடற்கரையையும் எடுத்தது போக, ஒரு மத்தியானத்தைப் பழைய வீட்டின் இருட்டறைக்கு ஒதுக்குங்கள். முக்காலியை ஊன்றி, ஐந்து படம், ராவில். கூடவே அங்கிருக்கும் பெரியவர்கள் சொல்வதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒன்று சொல்லி, அவர்கள் வேறொன்று சொன்னால், உடனே படத்தை நம்பிவிடாதீர்கள்.