பிரபுவின் கல்லறையும் மாடு மீட்டவன் கல்லும்

சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம், அமரகுந்தி, ஓமலூர்ப் பக்கத்தை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆண்டவர்கள் கெட்டி முதலிகள். மதுரைக்கும் மைசூருக்கும் நடுவில் கோட்டை கட்டித் தாக்குப்பிடித்த குடும்பம் அது. இன்று அவர்கள் பெயரைச் சொன்னதும் நம் நினைவுக்கு வருவது தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். அங்கே ராமன் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி தூணருகே நின்றால் ராமன் தெரிய மாட்டான். பார்வையின் கோணத்தையே கணக்கிட்டுத் தூண் நிறுத்தும் சிற்பிகளை வைத்து வேலை வாங்கிய குடும்பத்துக்கு ஒரு கல்லறை எழுப்புவது பெரிய காரியமல்ல. ஆனால் சாவுத் தீட்டு சிவன் கோயிலின் வாசலைத் தாண்டக் கூடாது; கோயிலுக்குள் எவ்வளவு பெரிய கொடையாளியும் கும்பிடுகிறவர்தான். இந்தச் சமவெளியில் சாவுக்கென்று நட்ட கல், பெரும்பாலும் வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்கும், ஊருக்குள் வந்த புலியைக் குத்தித் தானும் செத்தவனுக்கும் போனது. பட்டத்துக்கோ பணத்துக்கோ அல்லாமல் செய்த செயலுக்குக் கிடைத்த இந்த நடுகல்தான் சேலம், நாமக்கல் மண் வரலாற்றுக்கு விட்டுப்போன மிகப் பெரிய சொத்து. அதை நாம் அந்த மதிப்போடு நடத்தவில்லை.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். லெஸ்டர்ஷயரில் பாட்டெஸ்ஃபர்டு என்ற ஊரின் புனித மேரி ஆலயத்தில், ரட்லண்டு ஏர்ல் பட்டம் தாங்கிய மேனர்ஸ் குடும்பத்தின் முதல் எட்டுப் பிரபுக்களுடைய கல்லறைகள் பலிபீடம் உள்ள பகுதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கைகூப்பிப் படுத்திருக்கும் பிரபு, அருகில் மனைவி, மண்டியிட்ட பிள்ளைகள், குலச் சின்னங்கள் என்று ஒரு குடும்பத்தின் வம்சாவளியே கல்லில் நிற்கிறது. அவற்றில் 1632இல் இறந்த ஆறாம் ஏர்ல் பிரான்சிஸின் கல்லறை, அவருடைய இரண்டு ஆண் குழந்தைகளும் சூனியத்தால் மாண்டார்கள் என்று சொல்கிறது. அந்தப் பழி விழுந்தது பிரபுவின் மாளிகையில் வேலை பார்த்த ஜோன் ஃபிளவர் மீதும் அவருடைய இரண்டு மகள்கள் மீதும். மகள்கள் இருவரையும் 1619இல் லிங்கன் நகரில் தூக்கிலிட்டார்கள். வேலைக்காரிகளின் நியாயம் அந்தக் கல்லில் ஒரு வரிகூட இல்லை. கல்லறை கட்டும் வசதி யாருக்கு இருந்ததோ அவர்கள் சொன்னதே, ஊரார் கூடித் தொழும் இடத்தில் உண்மையாக நிலைத்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் தனியாக எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். பேரரசன், அவனுக்கு அடங்கிய வாணகோ அரசர், அவர்களுக்கும் கீழே ஒரு வீரன், கடைசியில் ஒரு நாய். அந்த வரிசையில் கல் யாருக்காக நடப்பட்டது என்று பார்த்தால் அரசனுக்கு அல்ல. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தருமபுரிப் பகுதியிலும் இதே மரபு. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தத் தலைவனின் ஆள், எந்த ஊர்ச் சண்டை, எப்படிப் பட்டான் என்று நான்கைந்து வரியில் வட்டெழுத்து சொல்லி முடித்துவிடுகிறது. கொங்குப் பக்கத்துப் புலிக்குத்திக் கல்லில் பல சமயம் எழுத்தே இருக்காது. பாய்ந்து நிற்கும் புலியும் அதன் உடலில் பாய்ந்த ஆயுதமும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

தமிழ் மன்னர்களுக்கும் சமாதிகள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. ஆதித்த சோழனுக்குத் தொண்டைமானாட்டிலும் அரிஞ்சய சோழனுக்கு மேற்பாடியிலும் பள்ளிப்படைக் கோயில்கள் எழுந்தன. ஆனால் அங்கே பூசை பெறுவது லிங்கம். இறந்தவரின் உருவத்தைப் படுக்கவைத்து அவர் பெருமையை அடுக்கும் மேனர்ஸ் குடும்பத்து வழக்கம் அதில் இல்லை. இதைவிட வலுவான சான்று இந்த மண்ணிலேயே உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது நட்டது நடுகல்தான். அதற்குப் பீலி சூட்டிக் கள் படைப்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். குறுநில மன்னனுக்கும் மாடு காத்தவனுக்கும் ஒரே வகைக் கல் என்பதுதான் இதன் பொருள். பிற்பாடு அதியர் மரபில் வந்த குணசீலன், எட்டாம் நூற்றாண்டு வாக்கில், நாமக்கல் மலையைக் குடைந்து திருமாலுக்குக் குடைவரை எடுத்தான். அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று தன் மரபின் பெயரையும் அதற்குச் சூட்டினான். ஆளும் குடும்பங்கள் தங்கள் பெயரைக் கோயிலுக்குள் கொண்டுபோன பிறகும் நடுகல் ஊர் எல்லையை விட்டுப் போகவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. நடுகல்லும் ஆதிக்கத்தின் கல்தானே, அரசன் பெயர்தானே முதலில் வருகிறது, தலைவனுக்காகச் செத்தவனைப் புகழ்ந்து அடுத்தவனையும் சாகத் தூண்டுவதுதானே என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆநிரை கவர்வதும் மீட்பதும் தலைவர்களின் பகைக்காக நடந்த சண்டைகள். கணவனோடு எரிக்கப்பட்ட பெண்களுக்கு நட்ட சதிக்கற்களை வீரம் என்று கொண்டாட எந்த நியாயமும் கிடையாது; அவை கொடுமையின் சாட்சிகள். ஆனால் சாட்சி என்பதாலேயே அவை நமக்கு வேண்டும். சாதாரணச் சேவகனின் பெயரை அவன் செத்த காரணத்தோடு சொல்லும் ஆவணம், ஏழாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் வேறு எங்கே இவ்வளவு கிடைக்கும்? அரண்மனைச் செப்பேட்டில் மாட்டுக்காரன் இப்படி வருவதில்லை.

இந்தப் பெருமையே இந்தக் கற்களுக்குப் பலவீனமாகவும் ஆகிவிட்டது. மேனர்ஸ் கல்லறைகளுக்குப் பிரபுவின் வாரிசு உண்டு, ஆலயம் உண்டு, பதிவேடு உண்டு. நடுகல்லுக்கு வாரிசு யார்? நிலத்தைச் சமன்படுத்தும்போதும் சாலையை அகலப்படுத்தும்போதும் முதலில் பெயர்ந்து விழுவது கேட்பாரற்ற கல்தான். வேடியப்பன் என்று பெயர் வைத்து எண்ணெய் சாத்திப் பொங்கல் வைக்கும் ஊர்களில் அது பிழைத்துக்கொள்கிறது. அப்படிக் கும்பிடும் கல்லைப் பாதுகாப்பு என்ற பெயரில் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கல் நின்ற இடமும் அதன் வரலாற்றில் பாதி. கைவிடப்பட்டு உடைந்து கிடப்பவற்றுக்குத்தான் தருமபுரி, சேலம் அருங்காட்சியகங்கள் அடைக்கலம்.

செய்ய வேண்டியது ஆகாத வேலையும் அல்ல. 1961இல் தொடங்கிய தமிழகத் தொல்லியல் துறை, செங்கம் வட்டார நடுகற்களைத் தேடிப் படித்துத் தனி நூலாகவே கொண்டுவந்து வழிகாட்டியிருக்கிறது. தொல்சின்னங்களைக் காக்க 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் கையில் இருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஒவ்வொரு ஊராட்சியிலும் கல் நிற்கும் இடத்தின் சர்வே எண், புகைப்படம், எழுத்திருந்தால் மைப்படி, ஊரார் அதைக் கூப்பிடும் பெயர் ஆகிய நான்கையும் ஒரு பதிவேட்டில் ஏற்றி, அதைக் கிராமசபையில் படித்துக் காட்ட வேண்டும். தனக்காக எழுப்பிக்கொண்ட கல்லறையை அந்தந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். ஊருக்காகச் செத்தவனின் கல்லை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.