விரல் நகமளவு வேட்டைக்காரன்

கணவாய் என்றதும் மீன் சந்தையில் வழவழவென்று குவிந்து கிடப்பதுதான் நினைவுக்கு வரும். ஜப்பானின் ஆழமற்ற கரையோரக் கடற்புல் திட்டுகளில் வாழும் குள்ளக் கணவாய் அந்தக் குவியலில் சேராது. பெண்ணின் உடலே 2 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆண் அதைவிடச் சிறியது. ஜெர்மானிய விலங்கியலாளர் ஆர்ட்மன் 1888-இல் இதற்கு இட்ட அறிவியல் பெயர், 'இடியோசெபியஸ் பாரடாக்ஸஸ்'.

முதுகில் பசை

அலை ஓயாத கரையோரத்தில் இவ்வளவு சிறிய உயிர் ஓரிடத்தில் நிலைப்பது எப்படி? இதன் முதுகில் பசை சுரக்கும் உறுப்பு இருக்கிறது. கடற்புல் இலையில் முதுகை ஒட்டிக்கொள்ளும். நிறம் மாற்றி இலையோடு இலையாகிவிடும். ஓயாமல் நீந்த வேண்டியதில்லை, எதிரியின் கண்ணிலும் எளிதில் படாது. இரை நெருங்கும்வரை காத்திருக்கவும் அதே இலைதான்.

இரை பெரும்பாலும் சிறு இறால். உணர்கொம்புகளை நீட்டிப் பிடித்து, கடித்துச் செயலிழக்கச் செய்யும். பிறகு வாயை ஓட்டுக்குள் நுழைத்து, செரிமான நொதிகளால் சதையைக் கரைத்து உண்ணும். மிஞ்சுவது வெறும் ஓடு. கணவாய்கள் மை கக்குவது தப்பியோடத்தான் என்று நாம் படித்திருக்கிறோம். இதுவோ வேட்டைக்கும் மையைப் பயன்படுத்துகிறது: மைத்திரைக்குப் பின்னாலிருந்து இறால்மேல் பாயும். சாட்டோ நொரியோசியும் சக ஆய்வாளர்களும் 2016-இல் இதைப் பதிவு செய்தார்கள்.

தேர்வு பெண்ணுடையது

இணைசேரும்போது ஆண், விந்துப் பைகளைப் பெண்ணின் கைகளின் அடிப்பகுதியில் ஒட்டிவிட்டு விலகும். கதை அதோடு முடிவதில்லை. பெண் தன் வாயை நீட்டி, வேண்டாதவற்றைப் பிடுங்கி எறிந்துவிடுகிறது. பெரிய ஆண்கள் விட்டுச்சென்றவையே அதிகம் பிடுங்கப்படுகின்றன. உருவில் சிறிய, சட்டென்று வேலையை முடிக்கும் ஆணுக்கே வாய்ப்பு அதிகம். முட்டைகளைப் பெண் ஒட்டிவைப்பதும் கடற்புல் இலையில்தான். ஆயுள் சில மாதங்கள். அதற்குள் அடுத்த தலைமுறை பொரிந்து வந்தாக வேண்டும்.

இன்னும் இருவர்

இந்தக் குடும்பத்தில் மேலும் இரண்டு இனங்கள் ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து 2023-இல் அறிவிக்கப்பட்டன. பவளத்திட்டில் வாழும் ஒன்று, 'கொடாமா' என்ற புதிய பேரினமாகவே பிரிக்கப்பட்டு, 'கொடாமா ஜுஜுட்சு' எனப் பெயர் பெற்றது. கடற்புல்லில் வாழும் மற்றொன்றுக்கு, ஒகினாவா மக்களின் கதைகளில் மரத்தில் குடியிருக்கும் குறும்புக்கார ஆவியான 'கிஜிமுனா'வின் பெயர். முக்குளிப்போர் ஆண்டு முழுதும் வந்துபோகும் கடலில், இவை இவ்வளவு காலம் பெயரில்லாமல் இருந்திருக்கின்றன.

கரையைத் தூர்த்து நிலமாக்கினாலும், மழையில் கரைந்த மண் வந்து படிந்தாலும் மடிவது கடற்புல். ஒட்டுவதற்கும் ஒளிவதற்கும் முட்டையிடுவதற்கும் அந்த இலையை நம்பியிருக்கும் உயிருக்கு மாற்று வீடு எளிதில் கிடைக்காது. குள்ளக் கணவாயைக் காக்கத் தனித் திட்டம் தீட்ட வேண்டாம். புல்லை விட்டுவைத்தால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.