லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

நான் கம்பத்துக்காரன், சாப்ட்வேர் எஞ்சினியர். கணக்கியல் படித்ததில்லை. தோட்டம் பார்க்கும் என் மாமாவுக்கு எக்ஸெல்லில் நான் காட்டியதை நீங்களும் செய்து பாருங்கள்.

2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை ரூ.1,00,000க்கு விற்றதாகக் கொள்வோம். கையிலிருந்து செய்த செலவு ரூ.60,000. வியாபாரி இதுவரை தந்தது ரூ.40,000. இவற்றை முறையே ஏ2, பி2, சி2 செல்களில் டைப் செய்திடுங்கள்.

டி2ல் சமக்குறி இட்டு, ஏ2வைக் கிளிக் செய்து, கழித்தல் குறி இட்டு, பி2வைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். லாபம் 40,000 எனக் கிடைக்கும். இதேபோல் இ2ல் சி2விலிருந்து பி2வைக் கழியுங்கள். விடை மைனஸ் 20,000!

விற்றவுடனே லாபம் கணக்கில் ஏறிவிடும், பாக்கி ரூ.60,000 வந்தால்தான் அது பணமாகும். எனவே சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன் டி2வை நம்பாதீர்கள், இ2வைப் பாருங்கள்.