பொன்மீனின் செட்டையிற் செந்நிறக் கோடுகள்

வீட்டுத் தொட்டியில் வளரும் பொன்மீனின் செட்டைகளிலும் வாலிலும் இரத்தம் போன்ற கோடுகள் தோன்றினால், முதலிற் சோதிக்க வேண்டியது நீரையே. மீனின் கழிவாலும் எஞ்சிய உணவு அழுகுவதாலும் நீரில் அமோனியா பெருகும். அதனால் நலிந்த மீனைப் பற்றீரியாக்கள் எளிதில் தாக்கும்.

பரிகாரம்:

1. இரு நாட்களுக்கு உணவிடாது விடுக.

2. நாள்தோறும் நீரிற் காற்பங்கை அகற்றி, ஒரு நாள் திறந்து வைத்த குழாய்நீரை ஊற்றுக. முழுவதையும் ஒருங்கே மாற்றலாகாது.

3. நீர் 10 லீற்றருக்கு உப்பு 10 கிராம் கரைத்திடுக. பின்னர், புதிதாக ஊற்றும் நீருக்கு மட்டும் இவ்வளவிற் சேர்க்குக.

அகற்றிய உப்புநீரை மரக்கறிப் பாத்திக்கு ஊற்றற்க. கிருமிநாசினி தெளித்த கருவிகளைத் தொட்டியருகே கழுவற்க.

ஒரு வாரத்திற் குணமாகாவிடின், அல்லது செதிள்கள் நிமிர்ந்து புண் காணப்படின், தாமதியாது மிருக வைத்தியரை நாடுக.