சுவரில் இல்லாத ஒரு சொல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கோவென்ட்ரி நகரின் பழைய பேராலயத்துக்குக் கூரை கிடையாது. 1940 நவம்பர் 14 இரவு ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்கள் அலை அலையாக வந்து, ஏறத்தாழ பதினோரு மணி நேரம் அந்த ஊரின் மேல் குண்டு வீசின. 500க்கும் அதிகமானோர் மாண்டார்கள். தூய மிக்கேலின் பெயரால் எழுந்த அந்த இடைக்காலக் கோயிலில் வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டுமே எஞ்சின. அந்த இடிபாட்டில், பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில், பேராலயத்தின் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவர்ட் 1948இல் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார்: ‘பிதாவே, மன்னியும்’. சிலுவையில் தொங்கிய இயேசு தம்மைக் கொன்றவர்களைச் சுட்டி, இவர்களுக்கு மன்னியும் என்று வேண்டியதாக லூக்காவின் நற்செய்தி சொல்கிறது. சுவரில் ‘இவர்களுக்கு’ இல்லை. இடம் போதாமல் விட்டதல்ல, தெரிந்தே விட்டது. குண்டு போட்டவனுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டால், கேட்கிறவன் குற்றமற்றவன் என்று பொருளாகிவிடும். மன்னிப்பு தேவைப்படாதவர் எவருமில்லை என்று ஹோவர்ட் நம்பினார்.

போரை எப்படி நினைவுகூர வேண்டும் என்ற கேள்விக்குக் கிறிஸ்தவம் தரக்கூடிய விடை, விடுபட்ட அந்தச் சொல்லில் இருக்கிறது என்பதே என் வாதம். நினைவு தானாக அமைதியைக் கொண்டுவந்துவிடாது. நம் பிணங்களை மட்டும் எண்ணி, நம் காயங்களை மட்டும் பாடி, ஆண்டுதோறும் விளக்கேற்றும் சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பகையைத்தான் சொத்தாக எழுதி வைக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து இருபத்தோரு ஆண்டுகளுக்குள் இரண்டாம் போர் வெடித்தபோது, ஐரோப்பாவில் போர் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவே இல்லை. எதிராளியின் பிணத்துக்கும் இடம் கொடுத்து, தன் குற்றத்தையும் சேர்த்துச் சொல்கிற நினைவுதான் அமைதிக்கு உழைக்கிறது. இது வெளியிலிருந்து கிறிஸ்தவத்தின் மேல் ஒட்டப்பட்ட கருத்தல்ல. திருச்சபையின் மைய வழிபாடே ஒரு நினைவுகூரல்தான்: ரோம அரசு கொன்ற ஒருவரை அப்பத்திலும் கிண்ணத்திலும் நினைக்கும் பந்தி. அந்தப் பந்தியில் முதன்முதலாக அமர்ந்தவர்கள் அதே இரவில் அவரை விட்டு ஓடிப்போனவர்கள். அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்ன பேதுருவின் கதையை நான்கு நற்செய்தி நூல்களும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கின்றன. எங்களுக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லும் வாயே, நாங்களும் தவறினோம் என்று சொல்லும் வழக்கம் அங்கே தொடங்குகிறது.

கோவென்ட்ரியில் இது சுவரெழுத்தோடு நின்றுவிடவில்லை. கோயிலில் கல்வேலை செய்துவந்த ஜாக் ஃபோர்ப்ஸ், கரிந்து விழுந்து கிடந்த இரண்டு உத்திரங்களைச் சிலுவையாகக் கட்டி நிறுத்தினார். கூரையிலிருந்து உதிர்ந்த பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்து ஒரு சிறு சிலுவை செய்தார்கள். பழிக்குப் பழி என்ற குரல் ஓங்கியிருந்த 1940ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில், ஹோவர்ட் அதே இடிபாட்டிலிருந்து பிபிசி வானொலியில் பேசினார். எவ்வளவு கடினமானாலும் பழிவாங்கும் எண்ணத்தை மனத்திலிருந்து விரட்டப் பார்க்கிறோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகளில், பிரிட்டிஷ் குண்டுகளால் சிதைந்திருந்த ஜெர்மனியின் கீல் நகருக்கு ஓர் ஆணிச் சிலுவை போய்ச் சேர்ந்தது. 1958இல் ஜெர்மனியில் லோதார் கிரைஸிக் என்ற கிறிஸ்தவர் ஒரு தொண்டு இயக்கத்தைத் தொடங்கினார். நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் நாஜி அரசு கொன்றபோது எதிர்த்து நின்ற நீதிபதி அவர். ஜெர்மனி சேதப்படுத்திய நாடுகளுக்கு ஜெர்மன் இளைஞர்கள் போய்க் கைவேலை செய்ய வேண்டும் என்பதே அவர் திட்டம். அதற்கு அந்த நாடுகளிடம் அனுமதி கேட்டார் அவர், உரிமையாகக் கேட்கவில்லை. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1961இல் அந்த இளைஞர்கள் கோவென்ட்ரி இடிபாட்டில் வேலை செய்தார்கள். 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், தங்கள் நாட்டு விமானங்கள் அழித்த கிறிஸ்தவ மருத்துவமனை ஒன்றைத் திரும்பக் கட்டும் பணியில் இறங்கினார்கள்.

டிரெஸ்டன் என்ற பெயரை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் அந்த நகரை எரித்தன. அந்த நெருப்பின் நினைவை ஆளாளுக்குக் கையிலெடுத்தார்கள். நாஜிப் பிரச்சாரம் சாவுக் கணக்கை இரண்டு லட்சத்துக்கு உயர்த்திச் சொன்னது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியாளர்கள் மேற்கு நாடுகளைச் சாட அதைப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் நவநாஜிகள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அங்கே ஊர்வலம் போய், யூதப் படுகொலைக்கு ஈடாக இதை நிறுத்தப் பார்த்தார்கள். நகர நிர்வாகம் வரலாற்றாசிரியர்களின் குழு ஒன்றை அமைத்தது. ஆவணங்களைச் சலித்துப் பார்த்த அந்தக் குழு, இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று 2010இல் அறிவித்தது. எண்ணிக்கை குறைந்ததால் கொடுமை குறைந்துவிடவில்லை. ஆனால், இல்லாத பிணங்களைச் சேர்த்து எண்ணுவது இருக்கிற பிணங்களுக்கும் அவமானம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற பழைய கட்டளை போர் நினைவுகளுக்கும் பொருந்தும். ஓர் ஊர் தன் சாவுகளை நேர்மையாக எண்ணியதை நான் அமைதிப் பணியாகவே பார்க்கிறேன்.

தன் தரப்பின் குற்றத்தைப் போர் முடிந்து ஆற அமரச் சொல்வது ஒன்று. போர் நடக்கும்போதே சொல்வது வேறு. சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மன் நகரங்களை மொத்தமாக எரிப்பது எந்த அறத்தில் சேரும் என்று தன் அரசைக் கேட்டார். அவர் ஹிட்லரிடம் பரிவு கொண்டவரல்ல. நாஜி எதிர்ப்பில் உயிர்விட்ட போதகர் டீட்ரிஹ் போன்ஹோஃபரின் நெருங்கிய நண்பர். ஹிட்லரைத் தோற்கடிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நியாயமான போருக்கும் எல்லை உண்டு, போரில் கலந்துகொள்ளாதவனைக் குறிவைக்கக் கூடாது என்பது திருச்சபைச் சிந்தனையாளர்களான அகுஸ்தீனும் அக்குவினாஸும் வளர்த்தெடுத்த மரபு. அதைத்தான் அவர் நினைவூட்டினார். அதே ஆண்டு கேண்டர்பரி பேராயர் பதவி காலியானபோது அது அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு இந்தப் பேச்சே காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றாகாதா? படையெடுத்தவனையும் படையெடுக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பது நீதியா? இந்தக் கவலை நியாயமானது. ‘பிதாவே, மன்னியும்’ என்பதைச் சோம்பேறித்தனமாகச் சொன்னால் அது அந்தக் குழியில்தான் விழும். ஆனால் மன்னிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. குற்றம் நடக்கவில்லை என்றால் மன்னிக்க எதுவும் இல்லை. 1945 அக்டோபரில் ஷ்டுட்கார்ட் நகரில் ஜெர்மன் புரொட்டஸ்டன்ட் திருச்சபைத் தலைவர்கள், நாட்டின் குற்றத்தில் தங்களுக்கும் பங்குண்டு என்று அறிக்கை விட்டார்கள். அவர்களில் ஒருவரான மார்ட்டின் நீமொல்லர் ஹிட்லரின் சிறையிலும் முகாம்களிலும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கிடந்தவர். அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டதை நாட்டு மக்கள் பலர் துரோகம் என்றார்கள். அந்த அறிக்கையிலும் பெரிய ஓட்டை உண்டு: யூதர்களைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. குற்றத்தைப் பொதுவாக ஒப்புக்கொள்வது எளிது, பெயர் சொல்லி ஒப்புக்கொள்வதுதான் கடினம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே போரைத் தொடங்கியவன் யார் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். கொலை செய்தவர்கள் நீதிமன்றம் ஏற வேண்டும். பழிவாங்குவதை விடச் சொல்லும் நம்பிக்கை, நீதியை விடச் சொல்லவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. செத்தவன் சார்பில் மன்னிக்க உயிரோடிருப்பவனுக்கு என்ன உரிமை? என்னைக் கேட்டால், அந்த உரிமை யாருக்கும் இல்லை. பாதிக்கப்பட்டவரை மன்னிக்கச் சொல்லி வற்புறுத்துவது இரண்டாவது வன்முறை. அதிலும் குற்றவாளியின் தரப்பிலிருந்து அந்த அறிவுரை வந்தால் அது பொறுக்கத்தக்கதல்ல. பாதிக்கப்பட்ட சமூகமே முன்வந்து கை நீட்டினால் கதை வேறு. போலந்து இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 60 லட்சம் குடிமக்களை இழந்தது. அவர்களில் பாதிப் பேர் யூதர்கள். அந்த நாட்டின் கத்தோலிக்க ஆயர்கள் 1965 நவம்பர் 18 அன்று ஜெர்மன் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மன்னிக்கிறோம் என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவே பெரிது. கூடவே மன்னிப்பும் கேட்டார்கள். போருக்குப் பின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் வீடுவாசல் இழந்து விரட்டப்பட்டிருந்தார்கள். அந்தத் துயரத்தையும் கடிதம் மறக்கவில்லை. பின்னாளில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஆன கரோல் வொய்திவாவும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்.

போலந்துக் கம்யூனிஸ்ட் அரசு கொதித்தது. ஆயர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நாடெங்கும் பிரச்சாரம் நடந்தது. நம்பிக்கையாளர்களிலேயே பலர் மனம் நொந்தார்கள். ஜெர்மன் ஆயர்களின் பதிலும் தயக்கத்தோடுதான் வந்தது. புதிய எல்லையை ஏற்பதாக அதில் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970 டிசம்பரில், மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூத கெட்டோ வீரர்களின் நினைவுச் சின்னத்துக்கு முன் முழந்தாளிட்டார். அந்த எல்லையை ஜெர்மனி இறுதியாக ஏற்று ஒப்பந்தம் போட்டது 1990 நவம்பர் 14 அன்று. கோவென்ட்ரி எரிந்து சரியாக ஐம்பது ஆண்டுகள். கடிதம் ஒன்றே இவ்வளவையும் செய்தது என்று நான் சொல்லவில்லை. அரசியல், வணிகம், பனிப்போரின் முடிவு எல்லாம் சேர்ந்தே செய்தன. ஆனால் அரசுகள் பேசத் துணியாத நேரத்தில் பேச ஒரு மொழி வேண்டியிருந்தது. அந்த மொழியை அந்தக் கடிதம் கொடுத்தது.

திருச்சபைக்கு அமைதி பற்றிப் பேச யோக்கியதை உண்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சிலுவைப் போர்களை நடத்தியது யார்? முதல் உலகப் போரில் ஜெர்மன் படைவீரனின் இடுப்புப் பட்டையில் ‘கடவுள் எங்களோடு’ என்று எழுதியிருந்தது. எதிர்ப்பக்கக் குருமாரும் அதே கடவுளிடம்தான் வெற்றியைக் கேட்டார்கள். இந்தக் குற்றச்சாட்டுக்குத் தற்காப்பு கிடையாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுவரில் ‘இவர்களுக்கு’ என்று எழுதாமல் விட்டதில் திருச்சபையின் இந்தக் கறையும் அடங்கும். தான் சுத்தம் என்று நினைக்கும் திருச்சபை போரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

பகைவனின் சாவுக்கு வருந்துவது நம் வீரர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்பது கடைசியாக எழும் எதிர்ப்பு. 1982 ஜூலை 26 அன்று, ஃபாக்லாந்து போருக்குப் பிறகு லண்டன் தூய பவுல் பேராலயத்தில் வழிபாடு நடந்தது. வெற்றிப் பெருமிதத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் முன்னால், கேண்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி, அர்ஜென்டினாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களையும் நினைத்து ஜெபிக்கச் சொன்னார். அந்தப் போரில் பிரிட்டன் இழந்தது 255 பேர், அர்ஜென்டினா இழந்தது 649 பேர். ஆளும் கட்சியினர் சிலருக்குக் கோபம் வந்தது. ரன்சி போரை அறியாதவர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்து, வீரத்துக்காக ராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். நீங்கள் கலந்துகொள்ளும் அடுத்த நினைவு நாள் கூட்டத்தில், அது எந்தப் போருக்கானதாக இருந்தாலும், மறுபக்கத்தில் மாண்டவர்களுக்காகவும் ஒரு நிமிடம் கேளுங்கள். முதலில் யாரும் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அடுத்த ஆண்டும் கேளுங்கள்.